ஆஃப்ரோடு வண்டியில் இரண்டாவது பேட்டரி: கணக்குப் போடுவது முதல் கண்காணிப்பது வரை முழுமையான வழிகாட்டி

வண்டியைக் கிளப்பும் பேட்டரியில் வேறு எதையும் தொங்கவிடக் கூடாது. கீழே எழுதியிருக்கும் கேபிள், ஃப்யூஸ், மீட்டர் எல்லாமே இந்த ஒரு விதியைக் காப்பாற்றத்தான்.

இதை நான் ஜெய்சல்மேர் பக்கம் சாம் மணல்மேடுகளைத் தாண்டிய ஓர் இடத்தில் கற்றுக்கொண்டேன். டிசம்பர் மாதம். இரண்டு நாள் வண்டியை அசைக்காமல் தங்கியிருந்தோம். 40 லிட்டர் குளிர்பெட்டி, கூடாரத்து விளக்கு, இரண்டு போன், ஒரு கேமரா, எல்லாம் ஒரே பேட்டரியில். மூன்றாம் நாள் காலை சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்தன. செல்ஃப் எடுக்கவில்லை. மணலில் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை. இன்னொரு ஜீப் அந்தப் பக்கம் வர நான்கு மணி நேரம் ஆனது. குடிக்கத் தண்ணீர் இருந்தது, பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் ஆறு வயது மகள் "அப்பா, வண்டி இனிமே போகாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கோவைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக இரண்டாவது பேட்டரி போடுவதைத்தான் எடுத்தேன்.

என் வண்டி பழைய மஹிந்திரா தார் சிஆர்டிஇ, டீசல், 4x4. பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்ச் சீட் உள்ள மாடல். நான் சொல்லும் அளவுகள் அதற்குப் பொருந்துபவை. பொலீரோ, கூர்க்கா, ஃபார்ச்சூனர் எதுவானாலும் முறை இதுவே. கேபிள் நீளமும் பேட்டரி வைக்கும் இடமும்தான் மாறும்.

முதல் படி: கடைக்குப் போகும் முன் கணக்கு

பலர் 100 ஆம்பியர்-மணி (ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் ஆம்பியர்-மணி) பேட்டரியை வாங்கிவிட்டு, பிறகு அது போதுமா என்று யோசிக்கிறார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.

என் தாள் இது. குளிர்பெட்டியின் கம்ப்ரஸர் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் எடுக்கிறது. 35 டிகிரி வெயிலில், அடிக்கடி மூடியைத் திறந்து மூடினால், நாளில் பாதி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். அதுவே 45 ஆம்பியர்-மணி. எல்இடி விளக்குகள் 5. சின்ன மின்விசிறி இரவு முழுக்க 4. போன், கேமரா, லேப்டாப் சேர்த்து 11. மொத்தம் 65. இதில் குளிர்பெட்டியை மட்டும் ஊகிக்காதீர்கள். வீட்டில் வைத்து, உள்ளே சாமான் நிரப்பி, 24 மணி நேரம் ஓடவிட்டு அளந்து பாருங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் எண் குளிரூட்டிய அறையில் அளந்ததாக இருக்கலாம். நம் ஏப்ரல் மாதம் அப்படி இல்லை.

அடுத்த கேள்வி, வண்டியை ஓட்டாமல் எத்தனை நாள் தங்குவீர்கள்? எனக்கு இரண்டு நாள். அப்படியானால் 130 ஆம்பியர்-மணி வேண்டும். 100 வாட் சோலார் பலகை நல்ல வெயிலில், எல்லா இழப்பும் போக, ஒரு நாளைக்கு சுமார் 25 ஆம்பியர்-மணி தரும். இரண்டு நாளில் 50. மீதி 80-ஐ பேட்டரி கொடுக்க வேண்டும்.

இந்த 80 என்ற எண்தான் எந்த வகை பேட்டரி என்பதைத் தீர்மானிக்கும். ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். ஆக 80 வேண்டுமென்றால் 160 வாங்க வேண்டும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்றே 25 முதல் 30 கிலோ இருக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 முதல் 90 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். எடை 11 முதல் 13 கிலோ. நான் 100 ஆம்பியர்-மணி லித்தியம் எடுத்தேன்.

ஆனால் எல்லோருக்கும் லித்தியம்தான் என்று சொல்ல மாட்டேன். குளிர்பெட்டி இல்லாமல், விளக்கும் போனும் மட்டும் என்றால் ஒரு ஏஜிஎம் பேட்டரி (அமிலம் சிந்தாத, மூடிய ஈய-அமில வகை) போதும், செலவும் குறைவு. பேட்டரியை இன்ஜின் அறைக்குள்தான் வைக்க முடியும் என்றாலும் லித்தியம் வேண்டாம். அந்தச் சூடு அதற்கு ஆகாது.

ஒரே வகையில் இரண்டு பேட்டரியை இணையாகப் போடுபவர்கள் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒரே தயாரிப்பு, ஒரே கொள்ளளவு, ஒரே நாளில் வாங்கியதாக இருக்க வேண்டும். இணைக்கும் முன் இரண்டையும் தனித்தனியாக முழுசாகச் சார்ஜ் செய்ய வேண்டும். பாசிட்டிவ் கேபிளை முதல் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவ் கேபிளை இரண்டாவது பேட்டரியிலிருந்தும் குறுக்காக எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அந்த ஒன்று மட்டும் உழைத்து உழைத்து முதலில் போய்விடும்.

இரண்டாம் படி: இரண்டையும் எப்படிச் சேர்ப்பது

மூன்று வழி உண்டு. கையால் திருப்பும் சுவிட்ச் மலிவானது. ஆனால் ஒரு நாள் திருப்ப மறந்தால் இரண்டு பேட்டரியும் சேர்ந்தே இறங்கிவிடும். களைத்துப்போய் இரவு எட்டு மணிக்குக் கூடாரம் அடிக்கும்போது மறதி கட்டாயம் வரும்.

இரண்டாவது, வோல்டேஜ் பார்த்துத் தானே சேர்த்துப் பிரிக்கும் ரிலே. ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி) ஓடி 13.3 வோல்ட் அளவுக்கு ஏறியதும் சேர்க்கும், 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரிக்கும். பழைய வண்டி, இரண்டும் ஈய பேட்டரி, இரண்டும் அருகருகே என்றால் இது நன்றாகவே வேலை செய்யும்.

மூன்றாவது, டிசி-டிசி சார்ஜர். விக்ட்ரானின் ஓரியன் வரிசை, ரெட்ஆர்க்கின் பிசிடிசி வரிசை, சிடெக் டி250எஸ்இ எல்லாம் இந்த வகை. முதல் பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, இரண்டாவது பேட்டரிக்குத் தேவையான வோல்டேஜுக்கு மாற்றி, அளவாகக் கொடுக்கும். சிடெக்கிலும் ரெட்ஆர்க் பிசிடிசி 1225டி-யிலும் சோலாருக்கான உள்ளீடும் சேர்ந்தே இருக்கிறது. தனியாக ஒரு கன்ட்ரோலர் வாங்கும் வேலை மிச்சம்.

லித்தியம் போட்டால் டிசி-டிசி கட்டாயம் வேண்டும். காரணம் இதுதான். லித்தியம் பேட்டரிக்கு உள் எதிர்ப்பு மிகக் குறைவு. நேரடியாகச் சேர்த்தால் ஆல்டர்னேட்டரால் எவ்வளவு கொடுக்க முடியுமோ அவ்வளவையும் இழுக்கும். ஈய பேட்டரி போகப்போக இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் நிறையும் தறுவாய் வரை குறைக்காது. பாறைமேல் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது ஆல்டர்னேட்டரின் விசிறி மெதுவாகத்தான் சுற்றும், காற்று வராது, சுருள் கருகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. நேரடியாகச் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது லித்தியத்தின் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்க அதற்குள்ளேயே இருக்கும் மின்னணுப் பலகை) திடீரென்று துண்டித்தால், போக இடமில்லாத மின்சாரம் வோல்டேஜாகத் தூக்கியடிக்கும். ஆல்டர்னேட்டரின் டயோடும் வண்டியின் மற்ற மின்னணு சாதனங்களும் அதில் அடிபடலாம்.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்6 (புகை அளவு விதி) வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அவற்றில் பலவற்றில் ஆல்டர்னேட்டர் தேவைக்கேற்ப வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வகை. ஓடிக்கொண்டிருக்கும்போதே 12.5 வோல்ட் காட்டும். வோல்டேஜை நம்பும் ரிலே இதில் குழம்பும். டிசி-டிசி சார்ஜருக்கும் இக்னிஷனிலிருந்து ஒரு சின்ன வயர் கொடுத்து, 'இன்ஜின் ஓடுகிறது' என்று சொல்ல வேண்டியிருக்கும். இந்த வயரை விட்டுவிட்டு 'சார்ஜர் சரியில்லை' என்று கடைக்காரரிடம் சண்டை போட்ட நண்பர்கள் இருக்கிறார்கள்.

எத்தனை ஆம்பியர் சார்ஜர்? ஆல்டர்னேட்டரில் எழுதியிருக்கும் எண்ணில் பாதிக்கு மேல் இதற்கென்று ஒதுக்காதீர்கள். 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் என்றால் 30 ஆம்பியர் சார்ஜர் நிம்மதி. இரண்டரை மணி நேரம் ஓட்டினால் 75 ஆம்பியர்-மணி ஏறிவிடும். அது என் ஒரு நாள் செலவைவிட அதிகம்.

மூன்றாம் படி: இடமும் பிடிப்பும்

நான் இடது பெஞ்சைக் கழற்றிவிட்டு அங்கே ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி செய்தேன். பேட்டரியும் ஃப்யூஸ் பெட்டியும் அதற்குள். பெட்டி முக்கியமல்ல, பேட்டரியை எதில் கட்டியிருக்கிறோம் என்பதுதான் முக்கியம். வண்டி ஒரு பக்கமாகக் கவிழ்ந்தால் 12 கிலோ எடை குழந்தையின் தலை உயரத்தில் பறக்கும். பலகையில் ஸ்க்ரூ போட்டு நிறுத்தாதீர்கள். வண்டியின் தரைத் தகட்டில் துளையிட்டு, அடியில் அகலமான வாஷர் தட்டு வைத்து, போல்ட்டும் அதிர்வில் தளராத நைலாக் நட்டும் போட்டு, மேலே இரும்புப் பட்டையால் இறுக்குங்கள். துளையிடும் முன் அடியில் படுத்து, டீசல் பைப்போ பிரேக் பைப்போ போகிறதா என்று பாருங்கள்.

டிசி-டிசி சார்ஜர் வேலை செய்யும்போது நன்றாகச் சுடும். விக்ட்ரான் ஓரியன் 40 டிகிரிக்கு மேல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மூடிய பெட்டிக்குள் வைத்தால் 30 ஆம்பியர் சார்ஜர் 20 தான் தரும். நான் பெட்டியின் வெளிச்சுவரில் நிமிர்த்தி மாட்டினேன், மேலும் கீழும் ஒரு சாண் இடம் விட்டு.

நான்காம் படி: கேபிள், ஃப்யூஸ், எர்த்

இங்கேதான் நிறையப் பேர் பணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். 30 ஆம்பியர் வெளியே கொடுக்கும் சார்ஜர் உள்ளே 37, 38 ஆம்பியர் இழுக்கும். 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் அறையிலிருந்து பின்பக்கம் வரை கேபிள் வளைந்து நெளிந்து போக 4 மீட்டர். திரும்பி வரும் நெகட்டிவும் சேர்ந்து 8 மீட்டர். 6 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் இந்த ஓட்டத்துக்கு 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 10-ல் 0.56. 16-ல் 0.35. 25-ல் 0.22. நான் 16 போட்டேன், எர்த்தை (நெகட்டிவ் திரும்பும் வழி) வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸ் வழியாக எடுத்ததால் இழப்பு இன்னும் குறைந்தது. கடையில் 'கேஜ்' என்று சொல்லித் தருவதை அப்படியே வாங்காதீர்கள். ஒரு முனையை வெட்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறமாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியமாக இருக்கலாம். சுரண்டினால் தெரிந்துவிடும்.

கேபிள் முனையில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) போடும்போது சுத்தியலால் அடித்து நசுக்குவது நம் ஊரில் வழக்கம். வேண்டாம். லக்கை அழுத்திப் பிடிக்க வைக்கும் ஹைட்ராலிக் கிரிம்ப் கருவி வாடகைக்கே கிடைக்கிறது. சாலிடரையும் ஊற்றாதீர்கள். அதிர்வில், சாலிடர் முடியும் இடத்தில்தான் கேபிள் முறியும். கிரிம்ப் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப் ஏற்றினால் தண்ணீர் உள்ளே இறங்காது.

ஃப்யூஸ் பற்றி என் வண்டியிலேயே நடந்ததைச் சொல்கிறேன். முதல் முறை இந்த வேலையை ஒரு ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் கொடுத்தேன். பின்பக்க பேட்டரி அருகே ஒரு ஃப்யூஸ் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து கார்பெட்டைத் தூக்கியபோது, முன்னிருந்து வரும் கேபிள் தகட்டின் துளையில் ரப்பர் குரோமெட் இல்லாமல் நேராக உரசிக்கொண்டிருந்தது. சிவப்பு உறையில் ஒரு கீறல். அதற்குள் செம்பு பளபளத்தது, ஒரு நகக்கண் அகலம். அது தகட்டில் பட்டிருந்தால் முன் பேட்டரியின் முழு பலமும் அந்தக் கேபிளில் ஓடியிருக்கும், நிறுத்த ஒரு ஃப்யூஸும் இல்லை. கேபிளின் மேலே கார்பெட், அதன்மேல் மகளின் கால். அன்றைக்கே முழுவதையும் பிடுங்கி நானே செய்தேன்.

விதி எளிது. எந்தப் பேட்டரியிலிருந்து பாசிட்டிவ் கிளம்பினாலும் ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். இரண்டு பேட்டரி என்றால் இரண்டு இடத்திலும். சார்ஜருக்குப் போகும் 16 சதுர மி.மீ. கேபிளுக்கு முன்பக்கம் 60 ஆம்பியர். சார்ஜரிலிருந்து லித்தியத்துக்கு வரும் கேபிளுக்கு லித்தியம் அருகே இன்னொரு 60. லித்தியத்திலிருந்து சுமைகளுக்குப் போகும் முதன்மைக் கேபிளில், அது 25 சதுர மி.மீ. என்பதால், டெர்மினல் மேலேயே உட்காரும் வகையில் 100 ஆம்பியர். அதன் பிறகு குளிர்பெட்டி, விளக்கு, யுஎஸ்பி ஒவ்வொன்றுக்கும் பிளேடு ஃப்யூஸ். ஃப்யூஸ் கேபிளைக் காப்பாற்றத்தான், கருவியை அல்ல. கேபிள் தாங்குவதைவிடப் பெரிய ஃப்யூஸ் போட்டால் அது ஃப்யூஸே இல்லை.

எர்த்துக்கு சேஸிஸில் பெயின்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் லக்கை இறுக்கி, மேலே கிரீஸ் அல்லது பெயின்ட் பூசுங்கள். முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சின்ன கறுப்புப் பெட்டி போல ஒரு சென்சார் இருக்கும் வண்டிகளில், எந்த எர்த்தையும் பேட்டரி முனையில் நேராகப் போடாதீர்கள். சென்சாரைத் தாண்டி சேஸிஸில்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் தப்புக் கணக்குப் போடும்.

வின்ச் (சிக்கிய வண்டியை இழுத்து எடுக்கும் மோட்டார்) வைத்திருப்பவர்கள் விதிவிலக்காக அதை மட்டும் முன் பேட்டரியிலேயே விடுங்கள், இன்ஜினை ஓடவிட்டு இழுங்கள். முழுச் சுமையில் அது 400 ஆம்பியர் வரை இழுக்கும். 100 ஆம்பியர் பிஎம்எஸ் உள்ள லித்தியம் அதைப் பார்த்த நொடியில் துண்டித்துவிடும்.

வேலை செய்யும்போது மோதிரம், காப்பு, வாட்ச் கழற்றி வையுங்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

ஐந்தாம் படி: கண்காணிப்பு

வயரிங்கை ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் உங்களோடு இருக்கப்போவது மீட்டர்தான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஈய பேட்டரிக்கு வோல்டேஜ் ஓரளவு உண்மை சொல்லும். இன்ஜினை அணைத்து, சுமை எதுவும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்வு கொடுத்தபின் 12.7 என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 11.9-க்குக் கீழே என்றால் ஆபத்து. இன்ஜின் அணைத்த உடனே பார்த்தால் 13 காட்டும், அது மேல்பூச்சு. ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்துவிட்டுப் பாருங்கள்.

லித்தியத்தில் இந்த வித்தை பலிக்காது. 80 சதவீதத்தில் 13.2 அளவு, 30 சதவீதத்தில் 13.0 அளவு. பாதி பேட்டரி காலியாக, 0.2 வோல்ட் தான் இறங்குகிறது. குளிர்பெட்டி ஓடினால் அதைவிட அதிகமாக ஆடும். கடைசியில் மலை விளிம்பு போல ஒரேயடியாக விழும். வோல்ட் மீட்டரை மட்டும் வைத்து லித்தியத்தை ஓட்டுவது, டீசல் முள் இல்லாத வண்டியை ஓட்டுவது மாதிரி.

ஆகவே எண்ண வேண்டும். உள்ளே எவ்வளவு வந்தது, வெளியே எவ்வளவு போனது. அதற்குத்தான் ஷன்ட். நெகட்டிவ் வழியில் வைக்கும் ஓர் உலோகக் கட்டை. அதன் எதிர்ப்பு மிகச் சிறியது, அளவு துல்லியமாகத் தெரிந்தது. 500 ஆம்பியர் ஓடினால் அதன் இரு பக்கமும் 50 மில்லிவோல்ட் வித்தியாசம் வரும். அதை நொடிக்கு நொடி அளந்து கூட்டிக் கழிப்பதுதான் மீட்டரின் வேலை. விக்ட்ரானின் ஸ்மார்ட் ஷன்ட் புளூடூத் வழியாகப் போனில் காட்டும். திரை வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் பிஎம்வி-712 இருக்கிறது.

பொருத்துவதில் ஒரே ஒரு விதி. லித்தியத்தின் நெகட்டிவ் முனையில் ஷன்ட்டுக்குப் போகும் கேபிள் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. சார்ஜர், சோலார், குளிர்பெட்டி, எர்த் எல்லாம் ஷன்ட்டின் மறுபக்கத்தில்தான். நான் முதலில் இதில் தவறினேன். கேபிள் கொஞ்சம் குட்டையாக இருந்ததால் குளிர்பெட்டியின் நெகட்டிவை மட்டும் பேட்டரி முனையிலேயே போட்டுவிட்டேன். இரண்டாம் நாள் அதிகாலை 3 மணிக்குக் குளிர்பெட்டி நின்றுபோனது. போனை எடுத்துப் பார்த்தால் மீட்டர் 71 சதவீதம் என்கிறது. பேட்டரியோ காலி. குளிர்பெட்டி தின்றதை மீட்டர் பார்க்கவே இல்லை.

இனி அமைப்புகள். கொள்ளளவு: உங்கள் பேட்டரியின் அளவு, 100. நிறைந்ததாகக் கருதும் வோல்டேஜ்: சார்ஜர் எட்டும் உச்சத்துக்கு 0.2 கீழே. சார்ஜர் 14.2 வரை ஏற்றினால் இங்கே 14.0. வால் மின்னோட்டம் (பேட்டரி நிறையும் தறுவாயில் மிச்சமாக ஏறும் ஓட்டம்) 4 சதவீதம், கண்டறியும் நேரம் 3 நிமிடம். பியூகெர்ட் எண் (வேகமாக இறக்கினால் கொள்ளளவு எவ்வளவு குறையும் என்பதற்கான எண்) ஈயத்துக்கு 1.25, லித்தியத்துக்கு 1.05. சார்ஜ் திறன் லித்தியத்துக்கு 99 சதவீதம். இவற்றை மாற்றாமல் விட்டால் மீட்டர் உங்கள் லித்தியத்தை ஈயமாக நினைத்தே கணக்குப் போடும்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று, 'மின்னோட்ட வாசல்' என்று சொல்லத்தக்க அமைப்பு. ஆரம்பத்தில் அது 0.1 ஆம்பியர். அதற்குக் கீழே ஓடுவதையெல்லாம் மீட்டர் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். யுஎஸ்பி பிளக்கின் நீல விளக்கு, காத்திருக்கும் சார்ஜர், இவை சேர்ந்து 0.09 ஆம்பியர் எடுத்தால் பத்து நாளில் சுமார் 22 ஆம்பியர்-மணி கணக்கில் வராமலே போய்விடும். நான் 0.02-க்கு இறக்கியிருக்கிறேன்.

எண்ணிக்கொண்டே போகும் எந்த மீட்டரும் மெல்ல மெல்ல விலகும். பேட்டரி முழுதாக நிறையும்போது அது தன்னை 100-க்குச் சரிசெய்துகொள்ளும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது முழுக்க நிரப்புங்கள். இதில் சோலார் ஒரு தந்திரம் செய்யும். வோல்டேஜ் உயரத்தில் இருக்கும்போது ஒரு மேகம் கடந்தால் மின்னோட்டம் சரியும். மீட்டர் அதைப் பார்த்து 'நிறைந்துவிட்டது' என்று 100-க்குத் தாவிவிடும். 90-லிருந்து திடீரென்று 100 ஆனால் நம்பாதீர்கள். கண்டறியும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டினால் இது குறையும்.

முன் பேட்டரியை மறக்கக் கூடாது. ஸ்மார்ட் ஷன்ட்டில் ஒரு துணை உள்ளீடு உண்டு. அதிலிருந்து ஒரு மெல்லிய வயரை, 1 ஆம்பியர் ஃப்யூஸோடு, முன் பேட்டரியின் பாசிட்டிவுக்குக் கொண்டுபோனால் அதன் வோல்டேஜும் அதே திரையில் வரும். நான் தினமும் காலையில் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். 12.5-க்கு மேல் என்றால் டீ குடிக்கப் போவேன். வாரம் ஒரு முறை செல்ஃப் அடிக்கும்போது மல்டிமீட்டரில் பார்ப்பேன். 9.6-க்குக் கீழே விழுந்தால் அந்தப் பேட்டரியை அடுத்த பயணத்துக்கு நம்பி எடுத்துப் போக மாட்டேன்.

ஆறாம் படி: வீட்டு வாசலிலேயே ஒத்திகை

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே இதைச் செய்யுங்கள். இரண்டு பேட்டரியையும் நிரப்புங்கள். வண்டியை அசைக்காமல், குளிர்பெட்டியையும் விளக்கையும் போட்டு ஒரு முழு நாள் விடுங்கள். மறுநாள் மீட்டர் காட்டும் செலவு, தாளில் போட்ட கணக்கோடு எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். பிறகு வண்டியைக் கிளப்பி, சார்ஜர் 30 ஆம்பியர் கொடுக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் கழித்து ஒவ்வொரு லக்கையும், ஃப்யூஸையும் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அங்கே கிரிம்ப் சரியில்லை அல்லது நட் தளர்ந்திருக்கிறது. முதல் 500 கி.மீ. மோசமான சாலைக்குப் பிறகு எல்லா நட்டையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

குளிர்பெட்டி மட்டும் அடிக்கடி நிற்கிறது, மீட்டரில் 60 சதவீதம் இருக்கிறது என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்குப் போகும் மெல்லிய வயர்தான் காரணமாக இருக்கும். 1.5 சதுர மி.மீ. வயர், போய்வர 8 மீட்டர், 5 ஆம்பியர் ஓட்டம் என்றால் அரை வோல்ட் வழியில் போகும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். குளிர்பெட்டி அதைப் பார்த்து 'பேட்டரி இறங்கிவிட்டது' என்று நின்றுவிடும். 6 சதுர மி.மீ. கேபிளும் 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக்கும் (அதிக மின்னோட்டம் தாங்கும் இணைப்பான்) போட்ட நாளிலிருந்து எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

குளிர் ஊர்களும், அவசரமும்

லடாக், ஸ்பிதி போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். லித்தியத்தைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, திரும்ப வராத சேதம் ஆகும். செலவழிக்கலாம், ஏற்றக் கூடாது. நல்ல பிஎம்எஸ் தானே தடுக்கும். வாங்கும் முன் அந்த வசதி உண்டா என்று கேளுங்கள். 4,000 மீட்டருக்கு மேலே உள்ள ஹன்லேயில் ஒரு செப்டம்பர் இறுதிக் காலை, வண்டியைக் கிளப்பியும் மீட்டரில் சார்ஜ் பூஜ்யமாகவே இருந்தது. பதறி எல்லா ஃப்யூஸையும் பிரித்துப் பார்த்தேன். எதுவும் கெடவில்லை, பேட்டரி இரவெல்லாம் உறைந்து கிடந்திருக்கிறது. வண்டிக்குள் ஹீட்டர் ஓடி ஒரு மணி நேரம் கழிந்ததும் தானாகவே 30 ஆம்பியர் ஏறத் தொடங்கியது. அதன் பிறகு குளிர் ஊர்களில் பேட்டரிப் பெட்டியைப் பழைய கம்பளியால் சுற்றுகிறேன், சார்ஜர் இருக்கும் பக்கத்தை மட்டும் விட்டு.

எல்லாவற்றையும் மீறி ஒரு நாள் முன் பேட்டரி இறங்கிவிட்டால், லித்தியத்தை ஜம்பர் கேபிளில் மாட்டி உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். டீசல் இன்ஜினின் செல்ஃப் பல நூறு ஆம்பியர் கேட்கும், பிஎம்எஸ் துண்டித்துவிடும். அதற்குப் பதிலாக, 60 ஆம்பியர் ஃப்யூஸ் உள்ள கேபிளில் பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ் சேர்த்து, லித்தியத்தின் 13 வோல்ட்டிலிருந்து முன் பேட்டரிக்கு 20 நிமிடம் மெல்ல ஏறவிடுங்கள். நெகட்டிவ் ஏற்கெனவே சேஸிஸ் வழியாகச் சேர்ந்திருக்கும். குளிர்காலமாக இருந்தால் அரை மணி. பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு, ஹெட்லைட், மின்விசிறி எல்லாம் அணைத்து, டீசல் வண்டியில் குளோ பிளக் (இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கும் கருவி) விளக்கு அணையும் வரை காத்திருந்து, ஒரே முறை நிதானமாக அடியுங்கள். என் வண்டியில் அந்த 60 ஆம்பியர் கேபிளைச் சுருட்டி, முனைகளில் ரப்பர் மூடி போட்டு, ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். டார்ச்சும் 10, 13 நம்பர் ஸ்பேனர்களும், மூன்று உபரி ஃப்யூஸும் அதே பையில்.